கடலில் பழகிய துடுப்பு களனி கங்கைக்குப் போதுமா? (விவாத இழை)

2024 ஜனவரி 6, காலை. உவர்மலை வாசகர் ஒருவரின் கேள்வி

நாங்கள் நால்வர். திருகோணமலையில் டச்பேக் கடற்கரையிலும் உட்துறைமுகத்திலும் பத்து ஆண்டுகளாகக் கயாக் ஓட்டி வருகிறோம். நால்வரும் நன்றாக நீந்துவோம். சொந்தமாக இரண்டு கயாக்குகள் இருக்கின்றன. மார்ச் மாதத்தில் கித்துல்கலவுக்குப் போய், களனி கங்கையின் வேகநீர்ப் பகுதியை வழிகாட்டி இல்லாமல் நாங்களே ஓட்டலாம் என்று எண்ணியிருக்கிறோம். வாடைக்காற்று வீசும் காலத்தில் எங்கள் கொட்டியாரக்குடாக் கடலைப் பார்த்தவனுக்கு ஆறு ஒரு பொருட்டா? தனிப் பயிற்சி வேண்டும் என்று சொல்பவர்கள் தயவுசெய்து காரணத்தையும் சொல்லவும்.

2024 ஜனவரி 6, இரவு. உப்புவெளிப் படகுக்காரர் ஒருவரின் பதில் (பின்வரும் குறிப்புகளும் அவருடையவை)

தம்பி, காரணத்தைச் சொல்கிறேன். கடலில் அலை நகர்ந்து வருகிறது, தண்ணீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. வேகநீர் ஆற்றில் அலை ஒரே இடத்தில் நிற்கிறது, தண்ணீர்தான் அதை ஊடறுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்றவை எல்லாம் பிறக்கின்றன. டச்பேயில் கவிழ்ந்தால் கயாக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், கரையில் நிற்பவனைத் திட்டலாம், பிறகு ஏறலாம். ஆற்றில் கவிழ்ந்த அடுத்த கணமே அடுத்த கல் வந்துகொண்டிருக்கும், உங்கள் படகும் உங்களோடு சேர்ந்து அதே கல்லை நோக்கி வந்துகொண்டிருக்கும். அப்போது படகுக்கும் கல்லுக்கும் நடுவில் நீங்கள் இருக்கக் கூடாது.

நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. எங்களுடைய கடற்பழக்கம் கைக்கு வலுவைத் தந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு கேட்பது கண்ணை. இருபது மீற்றர் முன்னால் வெள்ளையாகத் தெரிவது வெறும் நுரையா, நுரைக்குக் கீழே கல்லா என்று கண் சொல்ல வேண்டும். அந்தக் கண் கடலில் வளர்வதில்லை.

உங்கள் கயாக்குகள் எந்த வகை என்று எழுதவில்லை. உப்புவெளிக் கரையில் நான் வாடகைக்கு விடுகிறேனே, மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் வகை, அதுவானால் வீட்டிலேயே இருக்கட்டும். நான்கு மீற்றருக்கு மேல் நீண்ட கடல் கயாக்கானால் அதுவும் வீட்டிலேயே இருக்கட்டும். நேராகப் போவதற்காகச் செய்யப்பட்ட படகு அது, ஆற்றில் நேராகப் போவதற்கு இடமே இல்லை. ஆற்றுக் கயாக் இரண்டரை மீற்றர் அளவில் குட்டையாக, முனைகள் மேல்நோக்கி வளைந்து, நின்ற இடத்திலேயே திரும்பக்கூடியதாக இருக்கும்.

வேகநீரை உலகெங்கும் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று குழந்தை விளையாட்டு, ஆறு உயிரைப் பணயம் வைப்பது. கித்துல்கலவில் பயணிகளை றப்பர் படகில் ஏற்றிச் செல்லும் பகுதி பெரும்பாலும் இரண்டு, மூன்று. மேலே போகப் போகக் கடுமை கூடுகிறது. மாதத்தைப் பொறுத்தவரை மார்ச்சை விட ஜூலை நல்லது, மழை ஓய்ந்திருக்கும்.

2024 ஜனவரி 7

நேற்று இரவு எழுதியதில் கடைசி வாக்கியத்தை அடித்துவிடவும். திருகோணமலையில் உட்கார்ந்துகொண்டு திருகோணமலையின் மழையை வைத்துக் கித்துல்கலவுக்கு நாள் குறித்துவிட்டேன்.

எங்களுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை மழை. கித்துல்கல மலைநாட்டின் மேற்குச் சரிவில் இருக்கிறது, அதற்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்தக் காற்று மேற்குச் சரிவில் தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கி, வறண்டு சூடேறி எங்களிடம் கச்சானாக வருகிறது. நிலாவெளியில் கச்சான் தோலை உரிக்கும் அதே வாரத்தில் களனி கங்கை கலங்கிப் பெருகிக் கொண்டிருக்கும். திருகோணமலைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை சுமார் 1,600 மில்லிமீற்றர். கித்துல்கலவுக்கு மேலே வட்டவளைப் பக்கம் அது 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும்.

ஆகவே எங்கள் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் அந்த ஆறு பொல்லாதது, எங்கள் கடல் பொல்லாததாக இருக்கும் மாதங்களில் ஆறு இறங்கி வருகிறது. கடலை நம்பிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது வசதி, தொழில் இல்லாத காலத்தில் ஆற்றுக்குப் போகலாம். மார்ச் பற்றிய உங்கள் எண்ணம் பிழையில்லை. பிழை என்னுடையது.

2024 ஜனவரி 11

மூதூர் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நாட்டின் மிக நீளமான ஆறு எங்கள் வாசலில் கடலில் விழுகிறது. 335 கிலோமீற்றர் மகாவலியை வைத்துக்கொண்டு 145 கிலோமீற்றர் களனிக்கு ஏன் காசு செலவழித்துப் போக வேண்டும்?” ஐயா, எங்களுக்குக் கிடைத்திருப்பது மகாவலியின் வால். வாலைப் பிடித்துக்கொண்டு யானையை ஓட்ட முடியாது. மேலே கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல, ரன்தம்பை என்று அணைக்கு மேல் அணையாகக் கட்டி அதன் ஓட்டத்தைப் பங்கு போட்டுவிட்டார்கள். கொட்டியாரக்குடாவுக்கு வந்து சேரும்போது அது வயதாகிச் சாய்மனைக் கதிரையில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கேள்வி ஒரு நல்ல விடயத்தை நினைவூட்டியது. களனியும் காட்டாறு அல்ல. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து உருவாகும் ஆறு அது. அந்த இரண்டு ஓயாக்களின் தண்ணீரும் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களில் தங்கி, லக்ஷபான மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டு, பொல்பிட்டிய மின்நிலையத்தின் வழியாக வெளியே வருகிறது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் இந்த நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை வாசித்தார், 1950 இல் முதல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது. கித்துல்கலவில் படகு ஓட்டுபவன் அன்றைக்கு எந்த ஆற்றில் ஓட்டுகிறான் என்பதில் மழைக்கு ஒரு பங்கு, மின்நிலையத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது.

அதற்குப் பிறகு 35 மெகாவாட் புரோட்லாண்ட்ஸ் திட்டமும் வந்துவிட்டது. அது அணையில் நீரை மறித்துச் சுரங்கத்துக்குள் திருப்பி, கித்துல்கலவுக்கு அருகில் இருக்கும் மின்நிலையத்தில் மறுபடி ஆற்றில் விடுகிறது. அணைக்கும் அந்த மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஆற்றில் எவ்வளவு நீர் இருக்கும் என்பது திறந்துவிடுபவரின் கையில் இருக்கிறது. ஆகையால் உங்கள் திட்டத்தின் முதல் வரியில் “எத்தனை மணிக்குத் தண்ணீர்?” என்று எழுதிவையுங்கள். அதை அங்குள்ள படகுக்காரரிடம் முதல் நாள் மாலையிலேயே கேட்க வேண்டும்.

2024 ஜனவரி 11, சற்றுப் பிறகு

இன்னொன்று. மின்தேவை உச்சத்துக்குப் போவது மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை. அதாவது நாடு விளக்கேற்றித் தொலைக்காட்சி பார்க்கும்போதுதான் மின்நிலையங்கள் முழு மூச்சில் ஓடும், அந்த நேரத்தில் எவரும் ஆற்றில் இறங்கக் கூடாது. மழை ஒரு துளியும் இல்லாமல் இருட்டில் நீர் ஏறக்கூடும். ஆற்றின் நடுக் கல்லில் சட்டையைக் காய வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள்.

2024 ஜனவரி 15

பொங்கல் வாழ்த்து. எங்கள் வாசலில் மழை, பானையை உள்ளே எடுத்துப் பொங்கினோம்.

மோட்டார் சைக்கிள் ஹெல்மட் போதுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. அதற்குள் தண்ணீர் புகுந்தால் வடிவதற்கு வழியில்லை, ஓட்டம் அதை வாளி போலப் பிடித்துக் கழுத்தை முறுக்கும். துளைகள் உள்ள, காதுவரை மூடும் ஆற்று ஹெல்மட்டை அங்கேயே தருகிறார்கள்.

2024 ஜனவரி 20

“நீங்கள் இவ்வளவு பயப்படுவதற்கு ஏதோ கதை இருக்க வேண்டும்” என்று உவர்மலைத் தம்பி எழுதியிருக்கிறார். இருக்கிறது. சொல்லாமல் தப்பலாம் என்று பார்த்தேன்.

2016 ஓகஸ்ட். உறவினர் ஒருவரின் திருமணத்துக்காகக் ஹற்றனுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஆறு பேர் கித்துல்கலவில் இறங்கினோம். ஒரு நிறுவனம் எங்களை ஏற்றுக்கொண்டது. கரையில் பத்து நிமிடம் விளக்கம் சொன்னார்கள், சிங்களத்தில் வேகமாகவும் ஆங்கிலத்தில் அதைவிட வேகமாகவும். ‘இஸ்ஸரஹட’ என்றால் முன்னுக்கு வலி, ‘பஸ்ஸட’ என்றால் பின்னுக்கு வலி, ‘நவத்தன்ன’ என்றால் நிறுத்து. இந்த மூன்றும் எனக்கு விளங்கின. விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி விளங்கவில்லை. விளங்காததற்கும் தலையாட்டினேன். இருபது ஆண்டுகள் கடலில் ஓடியவன் கை தூக்கி “திரும்பச் சொல்லுங்கள்” என்று கேட்பதா என்ற வெட்கம்.

மூன்றாவது பாய்ச்சலில், அதாவது கற்களுக்கிடையில் ஆறு பாய்ந்து இறங்கும் இடத்தில், படகின் வலப்பக்கம் கல்லில் ஏறியது, நான் வெளியே போனேன். அது பெரிய விடயமில்லை, எல்லோரும் விழுகிறார்கள். பாய்ச்சலின் அடியில் நீர் சற்றுத் தளர்ந்து, ஆழம் இடுப்பளவுக்கு வந்தது. காலுக்குக் கீழே தரை தட்டியது. எந்த மனிதனும் செய்வதைத்தான் நானும் செய்தேன், எழுந்து நின்றேன்.

இடது பாதம் இரண்டு கற்களுக்கு நடுவில் போய் இறுகியது. பின்னாலிருந்து ஓட்டம் முதுகைத் தள்ளியது, உடம்பு முன்னால் மடிந்தது, முகம் தண்ணீருக்குள் போனது. இடுப்பளவு நீர். நீந்தத் தெரிந்ததெல்லாம் அங்கே ஒரு சதத்துக்கும் உதவவில்லை, ஏனென்றால் நீந்துவதற்கு முதலில் கால் விடுபட வேண்டும். கைகளைக் கீழே ஊன்றித் தலையைத் தூக்கினால் ஒரு மூச்சு, கை வழுக்கினால் மறுபடி உள்ளே. இப்படி எத்தனை தடவை என்று தெரியாது. வழிகாட்டிப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், மேல்பக்கமிருந்து பக்கவாட்டாக நீந்தி வந்து என் இடுப்பைப் பிடித்து ஓட்டத்துக்கு எதிராக ஒரு சாண் பின்னுக்கு இழுத்தான். கால் வந்த வழியாலேயே வெளியே வந்தது. செருப்பு வரவில்லை.

கணுக்கால் மூன்று வாரம் வீங்கியிருந்தது.

2024 ஜனவரி 22

நேற்றைக்கு முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளாக நானும் “ஒழுங்கான சப்பாத்துத் தரவில்லை, தமிழில் விளக்கவில்லை” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்தான். இரண்டாம் தடவை யோசித்தால், குளியலறைச் செருப்போடு போனவன் நான், விளங்கவில்லை என்று சொல்லாதவனும் நான். தமிழில் விளக்குபவர் இருந்திருக்க வேண்டும் என்ற குறை மட்டும் இன்னும் நிற்கிறது. நீங்கள் போகும்போது சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அவர் விளக்கம் முழுவதையும் கரையிலேயே தமிழில் திரும்பச் சொல்லட்டும்.

அன்றைக்கு எனக்கு விளங்காமல் போனது இதுதான்: விழுந்தால் மல்லாந்து கிடந்து, கால்களை ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் நீட்டி, பாதங்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தி வைக்க வேண்டும், கல் வந்தால் கால் முதலில் போய் அதை உதைக்கும். ஓடும் நீரில், கணுக்காலுக்குக் கீழே நீர் இறங்கும்வரை, எழுந்து நிற்கவே கூடாது. தரை தட்டினாலும் நிற்கக் கூடாது, பின்பக்கம் தரையில் உரசும்வரை மிதந்தபடியே கரைக்கு ஒதுங்க வேண்டும். மானம் போகும், கால் தப்பும்.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரமோ கிளைகளோ எதிரே வந்தால் மல்லாந்து போகக் கூடாது. மரம் தண்ணீரை வடிகட்டி விட்டு மனிதனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அங்கே குப்புறத் திரும்பி, தலை முன்னே வர, முழு வேகத்தில் நீந்தி மரத்தின் மேல் ஏறிவிட வேண்டும்.

2024 ஜனவரி 24

லைஃப் ஜக்கெட் நீந்துபவனுக்குத் தடை என்று எழுதிய நண்பருக்கு: 2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். அது பாய்ச்சல் இல்லாத நீர். இந்த விடயத்தில் நான் மேற்கொண்டு வாதாட விரும்பவில்லை.

எந்த ஜக்கெட் என்ற கேள்வி வேறு, அதற்கு விடை சொல்லலாம். மீன்பிடி வள்ளத்தில் வைத்திருக்கும் செம்மஞ்சள் நிறக் கழுத்துப்பட்டி வகை, விழுந்தவன் முகத்தை மேலே பிடித்துக் காத்திருக்க உதவும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு துடுப்புப் போட முடியாது. ஆற்றுக்கு மார்பை இறுக்கிப் பிடிக்கும், தோள் வெட்டிய வகை வேண்டும். போட்ட பிறகு இன்னொருவர் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். ஜக்கெட் காதுவரை ஏறினால் வார் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

2024 ஜனவரி 28

இன்று மாலை டச்பேயில் கயிறு எறிந்து பார்த்தேன். ஆற்றில் மீட்புக்கு வைத்திருக்கும் எறிபை என்பது, இருபது மீற்றர் கயிற்றைச் சுருட்டாமல் அப்படியே திணித்து வைத்த ஒரு சிறு பை. ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பையை எறிந்தால், பறக்கும்போதே கயிறு தானாக வெளியே வரும். கடையில் வாங்காமல் நானே செய்தேன். கோதுமை மாப் பை ஒன்றைச் சாக்கு ஊசியால் தைத்து, அடியில் சிறு மிதப்பு ஒன்றை வைத்து, வள்ளத்தில் இருந்த கயிற்றைத் திணித்தேன்.

பக்கத்து வீட்டுப் பையன் பத்து வயது, கழுத்தளவு நீரில் நின்று “மாமா, நான்தான் ஆற்றில் போகிற ஆள்” என்றான். முதல் எறியில் பை அழகாக, வளைந்து, அவன் தலைக்கு நேர் மேலாகப் பறந்து போய் விழுந்தது. கயிறும் முழுமையாகப் போனது. முனையைக் கையில் பிடிக்க மறந்துவிட்டேன். கரையில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது.

பத்து எறிகளில் மூன்று அவன் கைக்கு எட்டின. அவன் நின்ற இடத்தில் நின்றான் என்பதையும் கணக்கில் எடுக்கவும், ஆற்றில் ஆள் நகர்ந்துகொண்டிருப்பான். மறந்துவிடாமல், எறிவதற்கு முன் “கயிறு!” என்று கத்த வேண்டும், அவன் திரும்பிப் பார்த்த பிறகு எறிய வேண்டும். நால்வரும் தினமும் இருபது எறி எறிந்து பழகுங்கள். டச்பேயில் உங்களுக்குத் தேவையான பயிற்சி இது ஒன்றுதான்.

2024 ஜனவரி 29

அவமானம் தொடர்கிறது. கயிறு நைலோன் என்றால் அது தண்ணீரில் தாழும் என்று சீனக்குடா நண்பர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரி. வாளியில் ஒரு துண்டை வெட்டிப் போட்டுப் பார்த்தேன், கல்லைப் போல அடியில் கிடக்கிறது. நேற்று ஆழமற்ற மணற்கரை என்பதால் தெரியவில்லை. மிதக்கும் பொலிபுரொப்பிலீன் கயிறுதான் வேண்டும். தாழ்ந்த கயிறு கற்களுக்கிடையில் சிக்கி, காப்பாற்றப் போனவனையும் கட்டிவைத்துவிடும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, இது கடல்காரர்களான எங்களுக்கு ஊறிய பழக்கம், விட்டொழிக்க வேண்டும்.

2024 பெப்ரவரி 3

சொற்களைப் பற்றி ஒரு சிறு சண்டை நடந்திருக்கிறது. நான் எல்லாவற்றையும் ‘சுழி’ என்று எழுதிக் குழப்பியதாகக் குற்றச்சாட்டு. இந்த இழையில் நான் இன்னும் அந்தச் சொல்லை எழுதவேயில்லை, தொலைபேசியில் சொன்னதை இங்கே கொண்டு வந்திருக்கிறார்கள். ஆனாலும் குற்றச்சாட்டு நியாயமானது.

ஆற்றில் இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று, பெரிய கல்லின் பின்புறத்தில், ஓட்டம் விலகிப் போன வெற்றிடத்துக்குள் நீர் மெதுவாக மேல்நோக்கித் திரும்பி வரும் இடம். படகுக்காரர்கள் ‘எடி’ என்கிறார்கள். நான் ‘திரும்புநீர்’ என்று வைத்துக்கொள்கிறேன். அது உங்கள் பேருந்துத் தரிப்பிடம். அங்கே நின்று மூச்சு வாங்கலாம், அடுத்த பாய்ச்சலைப் பார்க்கலாம், விழுந்தவனுக்காகக் காத்திருக்கலாம்.

மற்றது, கல்லையோ படியையோ தாண்டி விழும் நீர் அடியில் குத்தி, மேலே வந்து, மறுபடி விழுந்த இடத்துக்கே பின்னோக்கி உருளும் இடம். ‘ஹோல்’ என்பார்கள், நான் ‘பிடிநீர்’ என்கிறேன். மிதப்பதையெல்லாம் அது பிடித்து உருட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் சுழல்வதால் இரண்டையும் சுழி என்கிறோம். முதலாவதை நோக்கிப் போக வேண்டும், இரண்டாவதிலிருந்து விலக வேண்டும். சொல் ஒன்றானால் “சுழிக்குள் போ” என்று கத்தும் நண்பன் கொலைகாரனாகிவிடுவான். இயற்கையான பிடிநீரில் பக்கவாட்டில் வாய் இருக்கும், அதனால் வெளியேறலாம். ஆற்றை நேர்கோட்டில் மறிக்கும் தடுப்பணையின் அடியில் உருவாகும் பிடிநீருக்கு வாயே கிடையாது, உயரம் அரை ஆள் அளவுதானே என்று எந்த அணைக்கட்டின் மேலாலும் படகை விடாதீர்கள்.

கத்துவது கேட்காது என்பதால் கைச்சைகையும் பேசி வையுங்கள். துடுப்பை நிமிர்த்திப் பிடித்தால் வரலாம், தலைக்கு மேல் கிடையாகப் பிடித்தால் நில், தலையில் கையால் தட்டினால் நலமாக இருக்கிறேன், விசில் மூன்று முறை என்றால் ஆபத்து.

2024 பெப்ரவரி 9

பயணம். இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து அவிசாவளை வழியாக ஹற்றன் போகும் பேருந்தில் ஏறினால் கித்துல்கலவில் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். மற்ற வழி ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று மலையால் இறங்குவது. நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஏனென்றால் கினிகத்தேனையிலிருந்து இறங்கும்போது மேலே மழை பெய்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே தெரிந்துவிடும். கித்துல்கலவில் வெயில் அடிப்பது எதற்கும் உத்தரவாதம் அல்ல. ஆறு திடீரென்று தேநீர் நிறமாகி, இலைச் சருகுகள் மிதந்து வரத் தொடங்கினால் எவரிடமும் கேட்காமல் கரையேறுங்கள்.

சிவனொளிபாதமலைப் பருவம் வெசாக் வரை நீடிக்கும், ஹற்றன் பேருந்துகளில் இடம் கிடைப்பது கடினம். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துச் செல்லவும். காலில் ஆறாத புண் இருந்தால் போகும் முன் வைத்தியரிடம் காட்டுங்கள். திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை அவரிடம் சொல்ல மறக்க வேண்டாம், எலிக்காய்ச்சலை அவர் நினைக்க வேண்டும்.

2024 பெப்ரவரி 17

பெப்ரவரி 23 வெள்ளிக்கிழமை போயா (பௌர்ணமி விடுமுறை), வார இறுதியோடு மூன்று நாள் விடுமுறை, அப்போது முன்கூட்டியே போய் ஒத்திகை பார்க்கலாமா என்று தம்பி கேட்கிறார். வேண்டாம். கொழும்பு முழுவதும் அங்கே இருக்கும். விடுமுறை நாட்களில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருப்பதால் மின்தேவையும் குறைவு, ஆற்றில் கூட்டம் கூடும் நாளில் தண்ணீர் குறையக்கூடும் என்பது என் கணிப்பு. நீர் குறைந்தால் ஆபத்தும் குறைந்துவிடாது, மூடியிருந்த கற்கள் வெளியே வந்து கால் சிக்குவதற்கு இடம் கூடுகிறது. மார்ச் 8 சிவராத்திரி, கோணேசர் கோயிலில் விழித்திருந்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு ஆற்றுக்கு வருவதும் ஆகாது. மார்ச் 12 செவ்வாய் முதல் 14 வியாழன் வரை என்று முடிவாகட்டும்.

2024 மார்ச் 3

திட்டம் இப்படித் தேய்ந்து வந்திருக்கிறது. ஜனவரியில் நால்வர், இரண்டு சொந்தக் கயாக்குகள், வழிகாட்டி இல்லை, மேல்பகுதி. இப்போது ஐவர், சொந்தக் கயாக்குகள் வீட்டில், வழிகாட்டி உண்டு. முதல் நாள் றப்பர் படகில் கீழ்ப்பகுதி. இரண்டாம் நாள் திரும்புநீருக்குள் நுழைவதும் வெளியேறுவதும், ஓட்டத்தைக் குறுக்காகக் கடப்பதும் பழகுதல், வேண்டுமென்றே விழுந்து மிதத்தல். மூன்றாம் நாள் வாடகைக்கு எடுத்த ஆற்றுக் கயாக்கில் இரண்டாம் தரப் பகுதி, அதுவும் வழிகாட்டி சரி என்றால். ஐந்தாவது ஆள் நான். போகமாட்டேன் என்று ஜனவரியில் மனைவியிடம் சொல்லியிருந்தேன்.

2024 மார்ச் 17

திரும்பிவிட்டோம். ஐவருக்கும் பத்துக் கால்கள்.

முதல் இரண்டு நாட்களும் திட்டப்படி போயின, விரிவாக எழுத ஒன்றுமில்லை. உவர்மலைத் தம்பி இரண்டாம் நாள் காலையில் ஒரே திரும்புநீருக்குள் நுழைய முயன்று ஏழு தடவை கவிழ்ந்தார், எல்லாமே ஒரே காரணத்துக்காக: கடலில் வரும் அலையின் பக்கமே சாய்ந்த பழக்கம். திரும்புநீருக்குள் நுழையும்போது திரும்பும் பக்கத்துக்குச் சாய வேண்டும், சைக்கிளில் வளைவு எடுப்பது போல. எட்டாவது தடவை நுழைந்தார். அந்தப் பத்து ஆண்டுக் கடல் அனுபவம் அன்று அவருக்கு எதிராகவே வேலை செய்தது என்பதை அவரே எழுதச் சொன்னார்.

மூன்றாம் நாள் ஒரு பாய்ச்சலுக்கு முன் இறங்கிக் கரையால் நடந்து போய்ப் பார்த்தோம். மேலிருந்து பார்த்தபோது நடுவில் ஒரு மென்மையான நாக்கு போல நீர் வழுக்கி இறங்கியது, அதன் அடியில் கொஞ்சம் வெள்ளை. “இது ஒன்றுமில்லை அண்ணை” என்றார் தம்பி. வழிகாட்டி எதுவும் பேசவில்லை. நாங்கள் குடித்துவிட்டு வைத்திருந்த இளநீர்க் கோம்பை ஒன்றை எடுத்து நாக்கின் நடுவில் எறிந்தார். அது அழகாக இறங்கி, வெள்ளைக்குள் போய் மறைந்து, வெளியே வந்தது, இரண்டு அடி கீழே போனது, பிறகு எவரோ கயிறு கட்டி இழுத்தது போலப் பின்னோக்கி வந்து மறுபடி உள்ளே போனது. வந்தது, போனது. நான் வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தொன்று எண்ணும்போது அது பக்கவாட்டால் கழன்று கீழே போனது.

தம்பி ஒன்றும் சொல்லாமல் போய்த் தன் கயாக்கின் முன்பிடியைத் தூக்கினார். பின்பிடியை நான் பிடித்தேன். பாறைகளுக்கு மேலாக எழுபது எண்பது மீற்றர் தூக்கிச் சென்று கீழே இறக்கினோம். அட்டை இரண்டு.

2024 மார்ச் 19

திருத்தம். கோம்பை உருண்டது நாற்பத்தொரு செக்கன் அல்ல என்றும் முப்பத்தேழு என்றும் தம்பி எழுதியிருக்கிறார். அவர் கையில் மணிக்கூடு இருந்தது, நான் எண்ணியது பயத்தில். முப்பத்தேழு என்றே வைத்துக்கொள்ளவும்.